தாய் மீது பழி ஏன்?

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2011-ம் வருஷத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2012 முதல் வருஷந்தோறும் மார்ச்சு 21-ந் தேதி உலக டவுன் சிண்ட்ரோம் தினமாக அனுசரிக்கப்பட்டு வருகிறது. மூன்றாவது மாதம், இருபத்தோராந் தேதி என்று நாள் குறித்ததிலேயே ஒரு பொருள் அடங்கியிருக்கிறது. உயிரணுவிலுள்ள இருபத்தோராவது குரோமோஸோம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருப்பதே அந்நிலைமைக்குக் காரணம். நம் நாட்டில் அத்தினம் எவ்வாறு கழிகிறது? பெரிய பட்டணங்களில் சில சங்கத்தார் கூட்டம் கூட்டுகிறார்கள். பிரமுகர் ஒருவர் தலைமை வகிக்கிறார். குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்குகிறார்கள். மறுநாள் பழைய கதையே நடக்கிறது. அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாயாரைப் பார்த்து, எந்த ஜன்மத்துப் பாவமோ என்று பெருமூச்செறியும் முதியோர்களும், கிரகணத்தன்று வெளியில் வந்தாயா என்று விசாரிக்கும் அண்டை வீட்டாரும் நம்மிடையே இன்னும் குறைந்தபாடில்லை. படித்தவர்கள் இவ்வாறு கேட்கமாட்டார்கள். அவர்கள், "உங்கள் வம்சத்தில் இதற்கு முன் யாருக்காவது இருந்ததுண்டா?" என்று பெண் வீட்டாரை மட்டும் கேட்பார்கள். கேள்வியின் பாஷை வேறு. அதிலுள்ள பழி ஒன்றே. விஞ்ஞான சாஸ்திரம் இந்தப் பழியைத் தள்ளுபடி செய்து அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. அந்தத் தீர்ப்பு மட்டும் நமது வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

விஷயம் இன்னதென்று முதலில் அறிவது நலம். நமது தேகம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் போன்ற சிலவற்றை நீக்கினால், ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நூலைப் போன்ற 46 உருக்கள் இருக்கின்றன. இவற்றிற்கே குரோமோஸோம்கள் என்று பெயர். தேகத்தின் அமைப்பையும் வளர்ச்சியையும் ஆளும் ஜீன்கள் இவற்றில் வரிசையாகப் பொருந்தியுள்ளன. 46-ம் 23 ஜோடிகளாக நிற்கும். ஜோடிக்கு ஒன்று தாய்வழிச் சொத்து, மற்றொன்று தந்தைவழிச் சொத்து. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இந்த ஜோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 23 மட்டுமே நிற்க வேண்டும். வக்கீல்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு பாகப்பிரிவினை. இயற்கையின் பாகப்பிரிவினையும் எல்லாச் சமயங்களிலும் சரியாக முடிவதில்லை. ஏதேனும் ஒரு ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுவது உண்டு. அப்படிப்பட்ட கருமுட்டை விந்தணுவுடன் சேர்ந்தால், அந்த எண்ணுள்ள குரோமோஸோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடுகிறது. பெரும்பாலும் இது கருமுட்டையில் நேர்கிறது. சில வேளைகளில் தகப்பனின் விந்தணுவிலும் நேர்கிறது. யாரும் எண்ணிச் செய்வதில்லை. யாரும் தடுத்திருக்கவும் முடியாது. உண்ட உணவோ, கண்ட காட்சியோ, செய்யாமல் விட்ட நேர்த்திக்கடனோ இதற்குக் காரணமல்ல.

மனிதனுக்குக் குரோமோஸோம்கள் 46 என்பதே வெகு காலம் தெரியாமலிருந்தது. 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பெயிண்டர் என்னும் பேராசிரியர் 48 என்று எண்ணிச் சொன்னார். அதற்குப் பின் முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பாடப் புத்தகங்கள் யாவும் 48 என்றே ஓதின. நூதனக் கருவிகளுடன் பார்த்தவர்கள்கூட, பெரியவர் சொன்ன எண்ணுக்கு மாறாகத் தங்கள் கண்ணை நம்பத் துணியவில்லை. குரு வாக்கியத்தை மீறாத குணம் நமக்கு மட்டுமே உரியது என்று மேனாட்டார் பரிகசிப்பதுண்டு. இச்சரித்திரத்தை அவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் 1955 டிசம்பரில், ஸ்வீடன் தேசத்தின் லுண்டு நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ என்னும் ஆசியர் 46 என்று கண்டார். அவரும் லெவான் என்னும் பேராசிரியரும் 1956-ல் அதைப் பிரசுரித்தனர்.

எண்ணிக்கை சரியான பிறகே பிழையைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. பாரிஸ் நகரத்து ட்ரூஸோ ஆஸ்பத்திரியில் மார்த் கோத்தியே என்னும் பெண் டாக்டர் இருந்தார். உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும் வித்தையை அமெரிக்காவில் கற்றுத் திரும்பியவர் அவர். போதிய பணமும் சாதனமும் இல்லாததால், உயிரணு வளர்ப்பதற்கு வேண்டிய ஸீரத்தைத் தம் சொந்த ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். 1958-ல், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் உயிரணுக்களில் 47 குரோமோஸோம்கள் இருப்பது அவர் தயாரித்த கண்ணாடித் தகடுகளில் தெரிந்தது. ஜெரோம் லெஜுன் என்பவர் படம் பிடிப்பதற்காக அத்தகடுகளை வாங்கிச் சென்றார். 1959 ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியின் வெளியீட்டில் செய்தி வந்தபோது லெஜுன் பெயர் முதலில் நின்றது. கோத்தியேயின் பெயர் நடுவில், அதுவும் எழுத்துப் பிழையுடன் நின்றது. ஐம்பது வருஷங்கள் கழித்து 2009-ல் அவ்வம்மையார் தம் தரப்பை எழுதினார். 2014-ல் போர்தோ நகரத்து மகாநாடொன்றில் அவர் பேச இருந்த சமயத்தில், லெஜுன் பெயரால் நடக்கும் ஸ்தாபனத்தார் நியாயஸ்தல அநுமதியுடன் அமீனாக்களை அனுப்பிப் பேச்சைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார்கள். மகாநாட்டார் பயந்து பேச்சையே ரத்துச் செய்தனர்! அதே வருஷத்தில் பிரெஞ்சு வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் தர்மக் கமிட்டி, கண்டுபிடிப்பில் லெஜுனின் பங்கு பிரதானமாக இருந்திருக்குமென்று தோன்றவில்லை என அபிப்பிராயம் தெரிவித்தது. ஸ்தாபனத்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கோத்தியே 2022-ல் காலமானார். குழந்தைக்குக் குறை நேர்ந்தால் தாய்மீது பழியும், குறையின் காரணத்தைக் கண்டால் கூட இருந்த ஆடவருக்குப் புகழும் போவது பாரிஸிலும் நடக்கக்கூடியதுதான் போலும்.

நிற்க. இந்நிலைமைக்கு முதலில் வழங்கிய பெயரைப் பற்றி ஓர் ஆசியப் பத்திரிகை சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் ஸர்ரே ஜில்லாவின் ஏர்ல்ஸ்வுட் விடுதியில் வைத்தியராயிருந்த ஜான் லாங்டன் டவுன், 1866-ல், தம் விடுதியில் இருந்த குழந்தைகளை முக ஜாடையை வைத்து ஜாதி பிரித்தார். சிலர் எத்தியோப்பியர், சிலர் மலாய்க்காரர், சிலர் மங்கோலியர் என்பது அவர் முடிவு. வெள்ளைக்காரத் தாய் தந்தையருக்குப் பிறந்த பிள்ளைக்கு அறிவு மந்தப்பட்டால், அது ஒருபடி கீழிறங்கி ஆசிய ஜாதியாகிவிட்டது என்பதே அதன் தாத்பர்யம். மனித குலம் ஒன்றே என்பதற்கு இது அத்தாட்சி என்று அவர் வாதித்தார் என்பதையும், அடிமை வியாபாரத்துக்குப் பரிந்து பேசியவர்களுக்கு விரோதமாகவே அவ்வாதம் அமைந்தது என்பதையும் நியாயத்தை உத்தேசித்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பின்வந்தவர்கள் நல்லெண்ணத்தை விட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய நூறு வருஷ காலம், ஒரு தேசத்தின் பெயர், சரித்திரப் புகழ் வாய்ந்த ஒரு ஜாதியாரின் பெயர், வைத்திய புத்தகங்களில் ஒரு குறைபாட்டின் பெயராக நின்றது. டவுன் வைத்தியரின் பேரன் ஒருவனே 1905-ல் இதே நிலைமையுடன் பிறந்தான். அவனுடைய ஆங்கில வம்சத்தில் எந்த மங்கோலியன் வந்து கலந்தானோ, அவர்களே அறிவர்!

1961-ல் பென்ரோஸ், லெஜுன், போலானி முதலிய 19 அறிஞர்கள் லண்டன் லான்ஸெட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இப்பெயரை விட்டொழிக்க வேண்டுமென்று கேட்டார்கள். டவுன் குடும்பத்தாரில் ஒருவரும் அதில் கையெழுத்திட்டிருந்தார். எனினும், காரியம் முடிந்தது 1965-ல்தான். மங்கோலிய மக்கள் குடியரசின் பிரதிநிதிகள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை அதிகாரியிடம் நேரில் ஆக்ஷேபித்தார்கள். ஸ்தாபனம் அச்சொல்லைக் கைவிட்டது. மங்கோலியா அந்த ஸ்தாபனத்தில் சேர்ந்து அப்போது மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. சபையில் ஆசனம் கிடைத்த பின்னரே ஒரு தேசத்தின் மானத்துக்கு மதிப்புக் கிடைக்கிறது என்பதை நாமும் அநுபவத்தில் அறிவோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயரோடு தீர்ப்பும் சேர்ந்தே போகிறது. 1927-ல் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு, பக் எதிர் பெல் என்னும் வழக்கில், மூன்று தலைமுறை மூடர்கள் என்று முடிவுகட்டி, ஓர் இளம் பெண்ணுக்குச் சந்தானமில்லாமல் செய்யும் ரண சிகிச்சையைச் சட்டப்படி செல்லும் என்று ஊர்ஜிதம் செய்தது. எழுதியவர் ஹோம்ஸ் நீதிபதி. அவர் தீர்ப்புகளைக் கலாசாலையில் பயபக்தியுடன் படித்தவர்களில் நாமும் ஒருவர். ஜெர்மனியில் நாஜிகள் 1933-ல் அதேபோன்ற சட்டம் செய்தனர். 1939 ஆகஸ்டில், குறைபாடுள்ள சிறு குழந்தைகளைப் பற்றி டாக்டர்களும் மருத்துவச்சிகளும் சர்க்காருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். தெரிவிக்க வேண்டிய ஜாபிதாவில் டவுன் சிண்ட்ரோமும் அந்நாளைய பெயரால் இடம்பெற்றிருந்தது. அந்த ஜாபிதாவின்படி குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிகளிலேயே கொல்லப்பட்டார்கள்.

கோர்ட்டுக்கும் குரோமோஸோமுக்கும் ஏற்பட்ட இன்னொரு சம்பந்தத்தையும் இங்கே சொல்லலாம். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு ஒய் இரண்டு இருக்கும். 1965-ல் ஸ்காட்லாந்தின் காவல் ஆஸ்பத்திரி ஒன்றில் அத்தகையோர் அதிகமாகத் தென்பட்டதை வைத்து, இரண்டு ஒய் உள்ளவன் பிறவிக் குற்றவாளி என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. சிக்காகோவில் எட்டு நர்ஸுகளைக் கொன்ற ஸ்பெக் என்பவனுக்கு இரண்டு ஒய் உண்டென்று செய்தி பரவியது. பரிசோதித்ததில் அவனுக்கு எல்லோரையும் போல ஒன்றுதான் இருந்தது! 1976-ல் டென்மார்க்கில் வெளியான விரிவான ஆராய்ச்சி, இவர்கள் பலாத்காரத்தில் மற்றவர்களை விஞ்சியவர்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று காட்டியது. பொய்ச் செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகைகளில் எத்தனை, இதை அதே அளவு எழுத்தில் போட்டன?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் சுமார் 700 அல்லது 800 பிரசவங்களுக்கு ஒன்று வீதம் காணப்படுகிறது. தாயின் வயது ஏற ஏற அபாயம் ஏறுவது உண்மை: இருபதுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஒன்று, 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. பெண்ணின் கருமுட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரிவினையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திப் பல வருஷங்கள் காத்திருப்பவை. காலம் செல்லச் செல்லப் பிரிவினை பிசகுகிறது. ஆனால் இதிலிருந்து, வயது சென்று பெற்றாள், அதனால் வந்தது என்று முடிவு கட்டுவது பிழை. இளம் பெண்களே அதிகமாகப் பிள்ளை பெறுகிறார்களாதலால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இளந்தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள்.

நம்மவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவில் மணம் முடிப்பது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். அதனால் கெடுதல் உண்டா என்றால் உண்டு. ஒரே முன்னோரிடமிருந்து வந்த பழுதுபட்ட ஜீன் ஒன்று இருபுறமும் சேர்ந்து வெளிப்படக்கூடிய வியாதிகள், உறவு மணத்தில் அதிகம். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஜீனில் உள்ள பழுது வேறு, குரோமோஸோம் எண்ணிக்கைத் தவறு வேறு. அந்நியத்தில் பெண்ணெடுத்தவர்களுக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இது அந்தந்தப் பிரிவினையில் புதிதாக நேர்ந்த தவறே; வம்சத்தில் ஓடுவதல்ல. மூன்று, நான்கு பங்கில் மட்டும் இருபத்தோராவது குரோமோஸோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வாறு ஒட்டியது தாயிடமோ தகப்பனிடமோ வெளியில் தெரியாமல் இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரலாம். ஆகவே குழந்தையின் ரத்தத்தைக் குரோமோஸோம் பரிசோதனைக்கு அனுப்பி இது எந்த வகை என்று அறிய வேண்டும். அந்த ஒரு காகிதம் கையில் இருந்தால், மறு பிரசவத்துக்கு அஞ்சி நடுங்கும் அநேக தம்பதிகளுக்கு உறக்கம் வரும்.

ஸ்திரீகள்மீது சுமத்தப்படும் மற்றப் பழிகளுக்கும் இச்சாஸ்திரம் விடையளிக்கிறது. ஆரம்ப மாதங்களில் சிதையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோஸோம் தவறே காரணம். மாடியேறினாள், பாரம் தூக்கினாள், பப்பாளி தின்றாள் என்று மருமகளைக் குறுக்கு விசாரணை செய்யும் மாமிமார்கள் இதைத் தெரிந்துகொள்வார்களாக. பெண்ணாகவே பெறுகிறாள் என்று மனைவியைத் தள்ளிவைக்கும் கணவனுக்கும் ஒரு வார்த்தை: கருமுட்டையில் எக்ஸ் மட்டுமே உண்டு; எக்ஸையோ ஒய்யையோ கொண்டுவருவது விந்தணு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பது தகப்பன் பக்கத்து அணு. பிள்ளையில்லாத வீடுகளில் நடக்கும் அநியாயம் இவற்றிலும் பெரிது. சுமார் 600 அல்லது 700 ஆண்களில் ஒருவருக்கு ஓர் எக்ஸ் அதிகப்பட்டு 47 ஆகிவிடுகிறது. கிளைன்பெல்டர் சிண்ட்ரோம் எனப்படும் இது 1959-லேயே விளங்கியது. இவர்கள் ஓங்கி வளர்வார்கள், படிப்பார்கள், உத்தியோகம் பார்ப்பார்கள், மணமும் முடிப்பார்கள். விந்தணு இல்லாமை ஒன்றே பெரும்பாலும் குறை. பரிசோதித்தாலன்றி அது தெரியாது. அநேகர் ஆயுள் முழுதும் பரிசோதிப்பதேயில்லை. ஆனால் மனைவியைக் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் இழுத்தடித்து, கடைசியில் மலடி என்று பட்டம் சூட்டி இரண்டாந் தாரத்துக்குப் பெண் பார்க்கப் புறப்படுவார்கள். முதலில் பரிசோதிக்க வேண்டியவர் யார்? ஆடவர் பரிசோதனை சுலபம், செலவு சொற்பம், வலியும் இல்லை. இல்லாதது தைரியம் ஒன்றே.

கர்ப்பத்திலேயே கண்டறியும் வழிகளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1994-ம் வருஷத்துச் சட்டம், 2003-ல் திருத்தப்பட்டது, சிசு ஆணா பெண்ணா என்று அறிவதையும் சொல்வதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டம், குரோமோஸோம் தவறுகளைக் கண்டறிவதற்காகச் சில நிபந்தனைகளோடு பரிசோதனையை அநுமதிக்கிறது. 1971-ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டபின், 24 வாரங்கள் கடந்தாலும், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு உண்டென்று வைத்திய போர்டார் கருதினால் கர்ப்பத்தைக் கலைக்க இடமுண்டு. இப்போது தாயின் கை ரத்தத்தை எடுத்தே, பத்தாவது வாரம் முதல், சிசுவின் குரோமோஸோம் கணக்கை ஊகிக்கும் முறை பரவியிருக்கிறது. இது ஊகமே, நிர்ணயமல்ல. கர்ப்ப நீரை எடுத்துப் பரிசோதித்த பிறகே நிச்சயம் ஏற்படும். காகிதத்தில் அபாயம் அதிகம் என்று அச்சடித்திருப்பதைக் கண்டு அன்றே முடிவு செய்வது தவறு.

இதில் நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். முடிவு செய்யும் அதிகாரம் அந்தத் தாயினுடையது. பிள்ளையை வளர்க்கும் பாரத்தில் ஒரு பலம்கூடச் சுமக்காதவர்கள் அவளுக்கு உபதேசம் செய்ய வரவேண்டாம். கணவன் வீட்டாரும் பத்திராதிபர்களும் இதில் சேர்த்தி. ஆனால் அதிகாரம் என்றால் அறிந்து செய்யும் அதிகாரம். 1994-ம் வருஷத்துச் சட்டம், பரிசோதனைக்குமுன் அதன் பலாபலன்களை எடுத்துச் சொல்லி, அவளுக்கு விளங்கும் பாஷையில் எழுத்து மூலம் சம்மதம் பெற்று, அதன் நகலை அவளிடமே கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஊசி குத்துவதைப் பற்றி அவளுக்கு விளங்கும் பாஷையில் சொல்லவேண்டும், சரி. பரிசோதனை முடிவு வந்தபின், இக்குழந்தை எப்படியிருக்கும், என்ன செய்யும், என்ன செய்யாது, இருதயக் கோளாறு இருந்தால் தீர்க்கலாமா, எத்தனை வயது வாழும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? மரபியல் ஆலோசனை நிலையம் என்ற சொற்றொடர் சட்டத்தில் இருக்கிறது. ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசையில் நிற்கும் ஏழைக் கர்ப்பிணிக்கு அது எந்த அறையில் இருக்கிறது? டென்மார்க்கில் 2004 முதல் சகல கர்ப்பிணிகளுக்கும் சர்க்காரே இப்பரிசோதனையை அளிக்க முன்வந்தது. இப்போது அங்கே டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர் வெகு சொற்பம். அத்தேசத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு வைத்தியமும் பள்ளியும் உதவியும் உண்டு. ஆகவே ஒரு தாய் எந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கிறது. நம் நாட்டிலோ, பிறக்காமல் செய்வதற்குத் தனியார் நிலையங்கள் தெருவுக்குத் தெரு போட்டி போடுகின்றன. பிறந்ததை வளர்ப்பதற்கு உதவி கேட்டால் மனு, முத்திரை, மறுபடியும் மனு. ஒரே கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவளே விரும்பிப் போனாள் என்று சொல்வது நேர்மையாகுமா? சென்னை சர்க்கார் ஒவ்வொரு வைத்தியக் கலாசாலை ஆஸ்பத்திரியிலும், குரோமோஸோம் பரிசோதனையோடு, தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆலோசகர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். முடிவு செய்யுமுன், அப்படிப்பட்ட குழந்தையை வளர்த்துவரும் ஒரு தாயைச் சந்திக்கவும் அவளுக்கு வசதி செய்யலாம்.

வைத்தியம் இவ்விஷயத்தில் செய்திருப்பது கொஞ்சமன்று. இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. அதைக் காலத்தில் ரண சிகிச்சை செய்து தீர்க்கக் கற்றபின், ஆயுள் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் சராசரி சுமார் 25 வயது. இப்போது சுமார் 60. தைராய்டு, காது, கண் இவற்றை அவ்வப்போது கவனித்து, பேச்சுப் பயிற்சியைச் சிறு வயதிலேயே ஆரம்பித்தால், எழுதப் படிக்கவும் கைத்தொழில் செய்யவும் வல்லவர்கள் அநேகர். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம், சர்க்கார் பணத்தாலோ அங்கீகாரத்தாலோ நடக்கும் பள்ளிக்கூடங்கள் இவர்களைப் பேதமின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமையும் அளிக்கிறது. இடமில்லை என்று வாய்மொழியாகத் திருப்பியனுப்பும் தலைமையாசிரியரிடம், அதை எழுத்து மூலம் தரும்படி பெற்றோர்கள் கேட்க வேண்டும். எழுதித் தரச் சொன்ன மாத்திரத்தில் இடம் அகப்படுவதை வக்கீல் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆயுள் நீண்டதால் முன்னில்லாத கவலையொன்று பிறந்திருக்கிறது. முன்காலத்தில் பெற்றோர் இருக்கும்போதே பிள்ளை போய்விடும். இப்போது பெற்றோருக்குப் பிறகும் பிள்ளை இருக்கும். நமக்குப் பின் யார் என்று கேட்காத தாய் தகப்பன் இல்லை. சொத்து விஷயத்தில் பழைய ஹிந்து தர்ம சாஸ்திரம் இவர்களுக்குப் பாகமே இல்லை என்றது. 1928-ல் மற்றக் குறையுள்ளவர்களுக்கு வாரிசுரிமை கொடுத்த சட்டம்கூட, பிறவியிலேயே புத்தி மந்தமானவர்களை விலக்கியே வைத்தது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவுதான், எந்த வியாதியாலும் அங்கக் குறையாலும் எவரும் வாரிசுரிமை இழக்கமாட்டார் என்று தீர்த்தது. ஆகவே, அவனுக்கெதற்குப் பங்கு என்று அண்ணன் தம்பிமார்கள் பத்திரம் எழுதிக்கொள்வது சட்டத்தின் முன் நில்லாது. ஆனால் பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே, தாய் தகப்பனுக்குக் கார்டியன் என்ற அந்தஸ்தும் போய்விடுகிறது. பாங்கிக் கணக்கு, நிலம் விற்றல், வாடகை வாங்கல் எல்லாவற்றுக்கும் அதிகாரம் எங்கே என்று குமாஸ்தா கேட்பார். 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்டு சட்டம் இதற்கு வழி செய்கிறது. ஜில்லா கலெக்டர், பதிவு பெற்ற சங்கமொன்றின் பிரதிநிதி, மாற்றுத் திறனாளி ஒருவர் அடங்கிய கமிட்டியிடம் மனுக் கொடுத்துக் கார்டியன் நியமனம் பெறலாம். 2016-ம் வருஷத்துச் சட்டமோ, முழு அதிகாரமுள்ள கார்டியனுக்குப் பதிலாக, அவரோடு கலந்து முடிவு செய்யும் வரையறுத்த கார்டியனையே விரும்புகிறது. இரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தும் என்பதைப் பார்லிமெண்டு இன்னும் தெளிவாக்கவில்லை, தெளிவாக்க வேண்டும். அதுவரையில், பிள்ளைக்கு 18 நடக்கும்போதே பெற்றோர் கலெக்டர் ஆபீசுக்குச் சென்று மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கி, உயிலையும் எழுதிப் பதிவு செய்துவிடுவது உத்தமம். உயிலில் பணத்தை நேரே பிள்ளையின் பெயரில் வைப்பதைவிட, நம்பிக்கையுள்ள இரண்டு பேரைத் தர்மகர்த்தாக்களாக நியமித்து அவர்கள் வசம் வைப்பது நல்லது. அவர்களில் ஒருவராவது பெற்றோரைவிட இருபது வயதாவது இளையவராக இருக்கட்டும்.